உத்தரவாதத்துக்கு உட்பட்டவை

டுலூத் நகரில், பேரங்காடியின் அடித்தளத்தில்
கொதிகலனுக்கும் செருப்புக் கிடங்குக்கும் நடுவே
என் மேசை.
மேலே விற்பார்கள்.
விற்றது அழுதால் கீழே மணியடிக்கும்.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் அட்டை.
வரிசை எண், வாங்கிய நாள்,
தவணை பாக்கி,
வீட்டில் நாய் உண்டா.
பின்பக்கம் ஆர்லோ டீட்ஸுக்கு.
மாலையில் பூட்ஸ் பனியை என் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு
பென்சிலால் எழுதுவார்:

பம்பில் குழந்தையின் காலுறை. எடுத்தேன்.

செருகியை மாட்டவே இல்லை. கட்டணம் வாங்கவில்லை.
அந்த அம்மா சிரிக்கவில்லை, நானும்.

குளிர்பெட்டி இரைகிறதாம். அரைமணி உட்கார்ந்து கேட்டேன்,
எப்போதும் போடுகிற சத்தம்தான்.
கணவர் போய் மூன்று வாரம் ஆகிறது.

செப்டம்பரில் ஒஹாயோவிலிருந்து ஒரு கடிதம்,
நார்த்வேல் கம்பெனியின் நீல முத்திரையோடு.
இனி விற்கும் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு
ஓராண்டு இல்லை, தொண்ணூறு நாள்.
பழுதுச் செலவு விலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால்
புதியது வாங்கச் சொல்லவும்.
சொல்லவேண்டிய வாக்கியத்தையும் அவர்களே
தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள்,
எங்கே மூச்சு விடவேண்டும் என்று
கமா போட்டு.
கொதிகலனிடம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
அது ஒத்துக்கொண்டது.

ஜனவரி பதின்மூன்று, திங்கள். துவைக்கிற நாள்.
மேற்கு முனையிலிருந்து சில்வி பியெத்திலா.
ஃபின்னிஷ் தவிர அவளிடம் இருந்த சொற்கள்
மெஷின், நோ, பிளீஸ்.
ஏரி உறைந்து தாதுக் கப்பல்கள் நின்றுவிட்டன,
புருஷன் மரம் வெட்டப் போயிருக்கிறான் என்பதெல்லாம்
பிறகு ஆர்லோ சொன்னது.
எனக்குத் தெரிந்தது அட்டை மட்டும்:
வாங்கியது அக்டோபர் பதினொன்று.
தொண்ணூறாம் நாள் வியாழனோடு போயிற்று.

வருந்துகிறோம், என்று தொடங்கினேன்,
முதல் கமாவுக்கு வருவதற்குள்
அவள் இயந்திரத்தை ஓடவிட்டு
ரிசீவரை அதன் வயிற்றில் வைத்துவிட்டாள்.

டக் டக் டக் டக்.
ஒரு விக்கல்.
டக் டக் டக் டக்.
ஒரு விக்கல்.

பதினோரு வருடம் இந்த நாற்காலியில்.
பல் போன சக்கரம் எனக்குத் தெரியாதா?
தேய்ந்து போன பல்லும் அல்ல,
வார்க்கும்போதே குறைபட்டது.
பின்னால் ஒரு குழந்தை இருமிற்று.
யாரும் ரிசீவரை எடுக்கவில்லை.
நான் சொல்லி முடிக்கும் வரை
அது எனக்காக ஓடிக்கொண்டே இருந்தது.
நான் சொல்லவில்லை.

'புகார் வந்த நாள்' என்ற கட்டத்தில்
பேனாவை மூடிவிட்டு
ஆர்லோவின் பென்சிலை எடுத்தேன்.
ஜனவரி ஒன்பது என்று எழுதினேன்.
என் கையெழுத்து அன்று மட்டும்
பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல் உருண்டு வந்தது.

ஆர்லோ அட்டையைப் பார்த்தார்.
விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.
காதைச் சொறிந்தார்.
"ஒன்பதாம் தேதி புயல்.
காலையிலிருந்து மேற்கு முனையில் டெலிபோன் கம்பியே இல்லை."
அழிப்பானை என் பக்கம் நகர்த்தினார்.
"எட்டு என்று போடு."

ஏப்ரலில் கம்பெனியின் தணிக்கையாளர் வந்தார்,
நல்ல கோட்டு, சளி பிடித்த மூக்கு.
எட்டாம் தேதிகளில் இவ்வளவு பழுதா என்றார்.
குளிர் அதிகம் சார், என்றேன்.
எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு
அட்டைகளை ஒஹாயோவுக்கே அனுப்பிவிடச் சொன்னார்கள்.
அது வேறு கதை. அதில் நான் இல்லை.

ஆனால் சக்கரம் மாற்றிய மறுவாரம் திங்களன்று
மணியடித்தது.
ஹலோ என்றேன். பதில் இல்லை.
ரிசீவர் எதன்மேலோ இடிபடும் சத்தம், பிறகு

டக் டக் டக் டக் டக்
டக் டக் டக்

மேலேயிருந்து ஏழாம் எண் விளக்கு மினுங்கியது,
யாரோ மேலாளர்.
காத்திருக்கட்டும் என்று
அலசி முடியும் வரை கேட்டேன்.